ஸ்டென்டா, பலூன் மட்டுமா: வாப்பாவின் நெஞ்சு அடைப்புக்கு எது நல்லது?

கேள்வி, அக்கரைப்பற்றிலிருந்து. 2024 ஜூலை 21

வாப்பாவுக்கு வயது 63. வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தால் நெஞ்சு இறுகுது, நின்றால் விடுது. அஞ்சியோகிராம் எடுத்ததில் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற முன்பக்க நாடியில் 80 வீத அடைப்பாம். ஸ்டென்ட் வைக்கத் திகதி தரப் போகிறார்கள். மாமா பிடிவாதமாக நிற்கிறார். "பலூன் அடிச்சாப் போதும், உடம்புக்குள்ள இரும்பு எதுக்கு, பிறகு ஆயுசுக்கும் குளிசை விழுங்க வேணும்" என்கிறார். சிறுபோக வெட்டு வேறு நடக்கிறது, வாப்பா அதை விட்டுவிட்டு வர மாட்டார். கடைவாயில் ஒரு சொத்தைப் பல்லும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 21, இரவு

தம்பி, நான் டொக்டர் இல்லை. கல்லடியில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆனால் மாமா சொல்கிற பலூன், டொக்டர் சொல்கிற ஸ்டென்ட், இரண்டையும் எங்கள் வீடு பார்த்திருக்கிறது. அப்பாவுக்கு 1998இல் பலூன் மட்டும். அண்ணனுக்கு 2019இல் ஸ்டென்ட். பலூன் மட்டும் அடிக்கிற காலம் முடிந்து எத்தனையோ வருசம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். அப்பாவுக்கு அடித்தது ஏழு மாதம் தாங்கவில்லை. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஸ்டென்ட் என்று ஒன்று இருப்பதையே அவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் எனக்குள் இருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜூலை 22

முதலில் ஒரு குழப்பம். பலூன் வேறு, ஸ்டென்ட் வேறு என்று எல்லோரும் கதைக்கிறார்கள். ஸ்டென்ட் வைப்பதும் பலூனால்தான். மணிக்கட்டாலோ தொடையாலோ மெல்லிய குழாய் ஒன்றை நாடிக்குள் விட்டு இருதயம் வரை கொண்டுபோவார்கள். அதற்குள்ளால் தலைமயிர்போன்ற கம்பி ஒன்று அடைப்பைத் தாண்டிப் போகும். அந்தக் கம்பியில் பலூனை ஓட்டி, அடைப்புள்ள இடத்தில் ஊதுவார்கள், காற்றால் அல்ல, எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்துத் தண்ணீரால். கொழுப்புப் படிவு நசுங்கும், நாடிச் சுவரும் கொஞ்சம் கிழிந்துதான் விரியும். பலூனைச் சுருக்கி எடுத்துவிட்டு அத்தோடு விட்டால் அது பலூன் சிகிச்சை. பலூனின் மேலேயே ஒரு வலைக்குழாயைச் சுருக்கி வைத்து, ஊதும்போது அது விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ள, பலூன் மட்டும் வெளியே வந்தால் அது ஸ்டென்ட்.

நம்முடைய கரையில் கிணறு வெட்டியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கல்லடியிலும் உங்கள் பக்கமும் ஒரே மணல். ஆளுயரம் தோண்ட முன்னமே தண்ணீர் வந்துவிடும், ஆனால் கொட்டு, அதாவது கிணற்று வளையம், இறக்காவிட்டால் விடிய முன்னம் சுற்றிவரச் சரிந்து குழி மூடிவிடும். பலூன் மட்டும் என்பது கொட்டு இறக்காத கிணறு.

எப்படி மூடும் என்றால், ஒன்று, விரித்த நாடி ரப்பர்போல உடனேயே கொஞ்சம் பழைய அளவுக்குச் சுருங்கும். இன்னொன்று, கிழிந்த சுவரின் துண்டு உள்ளே தொங்கி, சில மணி நேரத்துக்குள் நாடியை முழுதாக அடைத்துவிடலாம். அந்தக் காலத்தில் பலூன் அடிக்கிற இடத்தில் பக்கத்து அறையில் சத்திரசிகிச்சைக் குழுவைத் தயாராக வைத்திருந்தது இதற்காகத்தான். மூன்றாவது மெதுவாக நடப்பது. காயம் ஆறும்போது தசை வளர்ந்து, மாதக் கணக்கில் அதே இடம் திரும்பவும் ஒடுங்கும். வெறும் பலூன் அடித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், ஆறு மாதத்துக்குள் இப்படி ஆனது. 1994இல் வந்த பெனஸ்டென்ட் ஆய்வில் திரும்ப ஒடுங்கியது பலூனில் 32 வீதம், ஸ்டென்டில் 22 வீதம். அதே வருசத்து ஸ்ட்ரெஸ் ஆய்வில் 42, 32.

கவனியுங்கள், ஸ்டென்ட் வைத்தும் 22. கொட்டு சரிவைத் தடுக்கும், ஆனால் உள்ளே பாசி வளர்வதைத் தடுக்காது. அதற்காகத்தான் கம்பியின் மேல் மருந்து பூசினார்கள். சிரோலிமஸ் பூசிய ஸ்டென்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2003இல். இப்போது வைப்பது பெரும்பாலும் அந்த வழியில் வந்த மருந்து ஸ்டென்ட்தான், திரும்ப ஒடுங்குவது பத்து வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

ஜூலை 24

இரும்பு பற்றி மாமாவுக்கு. துருப்பிடிக்கிற இரும்பு இல்லை, இப்போது வருவது பெரும்பாலும் கோபால்ட் குரோமியக் கலவை. கம்பியின் பருமன் கிட்டத்தட்ட ஒரு தலைமயிர் அளவு. குறுக்களவு பொதுவாக இரண்டேகாலிலிருந்து நாலு மில்லிமீட்டர். சில மாதத்தில் நாடியின் உள்தோல் அதன்மேல் வளர்ந்து மூடிவிடும், பிறகு அது சுவருக்குள் இருக்கிற பொருள். எம்ஆர்ஐ எடுக்கலாம், விமான நிலையத்தில் மணி அடிக்காது.

உடம்பில் கரைந்துபோகிற ஸ்டென்ட் இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருந்தது. அப்சோர்ப் என்ற பெயரில் வந்தது, கேட்க எனக்கும் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதன் கம்பி தடிப்பு, உள்ளே இரத்தம் உறைவது அதிகமாக இருந்தது, 2017இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 27

அண்ணனின் கதையை எழுதாமல் விட நினைத்தேன். ஆனால் மாமா சொன்ன "ஆயுசுக்கும் குளிசை" நாலு நாளாக மண்டைக்குள் சுற்றுகிறது, எழுதத்தான் வேண்டும்.

2019 பெப்ரவரியில் அண்ணனுக்கு மாரடைப்பு. இங்கே ஊசி போட்டு இரத்தக் கட்டியைக் கரைத்து, பிறகு கொழும்புக்கு அனுப்பி ஸ்டென்ட் வைத்தார்கள், உங்கள் வாப்பாவுக்குச் சொன்ன அதே முன்பக்க நாடிதான். வீட்டுக்கு வரும்போது இரத்தம் உறையாமல் தடுக்கிற அஸ்பிரின், குளோபிடோகிரெல் இரண்டும், கொழுப்புக் குளிசை, பிரஷர் குளிசை. முதல் இரண்டையும் சிவப்புப் பேனையால் சுற்றி, "ஒரு வருசத்துக்கு நிறுத்தக் கூடாது" என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

எட்டாவது மாதம் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கப் போன இடத்தில், இரத்தம் நிற்காது, ஒரு கிழமை இரண்டு குளிசையையும் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் யாரிடமும் கேட்கவில்லை. அவருக்கு உள்ளூரச் சந்தோசம் என்று பிறகு மச்சாள் சொன்னாள், குளிசை விழுங்கி விழுங்கி அலுத்திருந்தார். ஐந்தாம் நாள் காலை, குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் துருவலையிலிருந்து அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். வியர்வையில் சறம் முழுக்க நனைந்துவிட்டது. மச்சாள் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் அடித்தாள், வண்டி வந்தது. ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்து நாடி முழுதாக அடைபட்டிருந்தது.

பிழைத்தார். ஆனால் இருதயத்தின் பம்ப், அதாவது ஒரு துடிப்பில் உள்ளே இருக்கிற இரத்தத்தில் வெளியே தள்ளுகிற பங்கு, 35 வீதத்துக்கு இறங்கிவிட்டது. 55க்கு மேல் இருக்க வேண்டியது. முன்பு கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் மிதித்துக் கடந்த மனிதன், இப்போது இரண்டு படி ஏறி நின்று மூச்சு வாங்குகிறார்.

பல் பிடுங்குவதற்கு இந்தக் குளிசைகளை நிறுத்தத் தேவையே இல்லை. பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தால் இரத்தம் நிற்கும், கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அவ்வளவுதான். நிறுத்துவதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் இருதய டொக்டர், வேறு யாரும் இல்லை.

ஸ்டென்டின் விலை இதுதான் தம்பி. மருந்து பூசிய கம்பியின் மேல் உள்தோல் வளர நாள் எடுக்கும். அதுவரை வெறும் கம்பியைக் கண்டால் இரத்தம் உறையப் பார்க்கும், குளிசை அதைத் தடுத்துக்கொண்டு நிற்கிறது. மாரடைப்புக்குப் பிறகு வைத்தால் வழக்கமாக ஒரு வருசம் இரண்டு குளிசை, மாரடைப்பு இல்லாமல் வைத்தால் ஆறு மாதம். இரத்தம் போகிற ஆபத்து உள்ளவர்களுக்கு டொக்டர்மார் குறைப்பார்கள்.

ஜூலை 27, பின்னேரம்

இன்னும் ஒன்று, மாமாவுக்கே. அஸ்பிரினும் கொழுப்புக் குளிசையும் ஸ்டென்டுக்காக மட்டும் இல்லை, நாடி நோய்க்காக. பலூன் அடித்தாலும் விழுங்க வேண்டும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் விழுங்க வேண்டும்.

ஜூலை 28

எந்தப் பல் கிளினிக் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். அவரைப் பிடித்து அடிப்பதால் அண்ணனின் பம்ப் கூடப் போவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் இருந்தால், ஆஸ்பத்திரியில் தந்த ஸ்டென்ட் கார்டை இன்றைக்கே தேடி எடுத்துப் பேர்ஸில் வையுங்கள்.

ஓகஸ்ட் 4

இன்று ஆடி அமாவாசை. அப்பாவுக்காக விரதம், விடியவே மாமாங்கக் கோயிலுக்குப் போய்த் தீர்த்தமாடிவிட்டு வந்தோம். அக்கா ஏறாவூரிலிருந்து வந்தவள் அப்பாவின் பழைய ஃபைலையும் கொண்டுவந்தாள், இந்த இழையை வாசித்துவிட்டு அலுமாரிக்கு மேலிருந்து தேடி எடுத்தாளாம். கறையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது, மற்றது வாசிக்கலாம்.

இரண்டு இடத்தில் நான் பிழையாக எழுதியிருக்கிறேன். ஏழு மாதம் இல்லை. பலூன் அடித்தது 1998 மார்ச், திரும்ப அஞ்சியோகிராம் எடுத்தது ஓகஸ்ட் முதற்கிழமை. ஐந்து மாதத்திலேயே ஒடுங்கிவிட்டது.

இரண்டாவது இதைவிடப் பெரியது. மார்ச் மாதக் குறிப்பின் கடைசியில் டொக்டரின் கையெழுத்தில், ஸ்டென்ட் வைப்பது நல்லது என்று நோயாளிக்கு விளக்கப்பட்டது, செலவு காரணமாக அவர் விரும்பவில்லை, பலூன் மட்டும் செய்யப்பட்டது என்று இருக்கிறது. கீழே அப்பாவின் ஒப்பம். அவர் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் வைக்கிற அதே ஒப்பம், கடைசி எழுத்தை ஒரு வளைவாக இழுத்து விடுவார்.

சொல்லியிருக்கிறார்கள். அப்பாதான் எங்களிடம் சொல்லவில்லை. 26 வருசமாக நான் அந்த ஆஸ்பத்திரியைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அக்காவின் கலியாணம் 1998 ஜூனில் நடந்தது. அதற்குமேல் நாங்கள் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. சமைத்ததைப் படைத்துவிட்டுக் காகத்துக்கு வைத்தோம்.

ஓகஸ்ட் 5

அனுதாபம் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டவர்களுக்கு: 1999இல் அப்பாவுக்குப் பைபாஸ் செய்தார்கள், காலில் இருந்து எடுத்த இரத்தக்குழாயை வைத்து, அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்கு வேறு வழி போடுகிற சத்திரசிகிச்சை. பொலநறுவை வழியாக பஸ்ஸில், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, நெஞ்சில் தையலோடு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு 14 வருசம் இருந்தார். அக்காவின் மூன்று பிள்ளைகளையும் தூக்கினார்.

ஓகஸ்ட் 9

வாப்பாவின் விசயத்துக்கு வருகிறேன், சொந்தக் கதை கூடிவிட்டது. நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இவ்வளவு நாளாகக் கேட்கவில்லை. வாப்பாவுக்கு மாரடைப்பு வந்ததா, இல்லை நடக்கும்போது மட்டும் வருகிற நெஞ்சு இறுக்கமா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுபோல இருக்கிறது. இரண்டும் ஒன்று இல்லை.

மாரடைப்பு என்றால் நாடி அந்த நேரத்திலேயே அடைபட்டு இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. அப்போது திறப்பது உயிரைக் காப்பாற்றும், ஒவ்வொரு நிமிசமும் கணக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் பலூன், ஸ்டென்ட் செய்கிற இடத்துக்குப் போகலாம் என்றால் அதுதான் முதல் வழி, முடியாவிட்டால் அண்ணனுக்குப் போட்டதுபோலக் கட்டி கரைக்கிற ஊசி. ஓட்டோ பிடித்துத் தனியார் கிளினிக் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், காசு இல்லை.

நடந்தால் வரும், நின்றால் போகும் என்றால் கதை வேறு. இதைப் பற்றிப் பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. 2007இல் கரேஜ், 2287 பேர். அதைவிடப் பெரியது இஸ்கீமியா, 37 நாடுகள், 5179 பேர். இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல குளிசைகளோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸும் செய்தவர்களையும், முதலில் குளிசை மட்டும் கொடுத்துப் பார்த்தவர்களையும் வருசக் கணக்கில் பார்த்தார்கள். சாவிலோ மாரடைப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சு வலி குறைந்தது, அதுவும் அடிக்கடி வலி வந்தவர்களுக்கு நன்றாகக் குறைந்தது. இடது பிரதான நாடியில் அடைப்பு உள்ளவர்களையும் பம்ப் மிகவும் குறைந்தவர்களையும் இஸ்கீமியாவில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

ஆகவே டொக்டரிடம் கேட்க வேண்டியது பலூனா ஸ்டென்டா என்று இல்லை. "இது வாப்பாவின் வலிக்காகவா, உயிருக்காகவா? குளிசையைக் கூட்டி ஒரு மாதம் பார்த்தால் ஆபத்தா?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள். அண்ணனின் கிளினிக்கில் நான் கேட்டபோது டொக்டர் கொப்பியின் பின்பக்கத்தில் இருதயத்தைக் கீறி, மூன்று நாடியையும் போட்டு, எங்கே அடைப்பு, எவ்வளவு தசை அதை நம்பி இருக்கிறது என்று நிழல் தீட்டிக் காட்டினார். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஓகஸ்ட் 10

"அப்ப ஸ்டென்ட் ஏமாத்து வேலையா" என்று ஒருவர். இல்லை, நான் அப்படி எழுதவில்லை. வலி இல்லாமல் வயலுக்குப் போவது சின்ன விசயம் இல்லை. 2023இல் வந்த ஒர்பிட்டா இரண்டாவது ஆய்வில் 301 பேர். பாதிப் பேருக்கு உண்மையான ஸ்டென்ட், மற்றவர்களுக்கு எல்லாம் செய்து ஸ்டென்ட் மட்டும் வைக்காமல் விட்டார்கள், யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. உண்மையாக வைத்தவர்களுக்கு வலி குறைந்தது. மனப்பிரமை இல்லை.

ஓகஸ்ட் 14

முதல் நாள் எழுதியதைத் திருத்துகிறேன். "பலூன் மட்டும் அடிக்கிற காலம் முடிந்தது" என்று அடித்துச் சொன்னேன். கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி, தன் உம்மாவுக்குப் போன வருசம் பலூன் மட்டும்தான் அடித்தார்கள், மருந்துப் பலூன், இன்றுவரை நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறார். வாசித்துப் பார்த்தேன், சரி.

பலூனின் மேலேயே பக்லிடாக்செல் மருந்தைப் பூசியிருப்பார்கள். அடைப்பை முதலில் சாதாரண பலூனால் விரித்துச் சரிப்படுத்திவிட்டு, இதைக் கொண்டுபோய் அரை நிமிசம், ஒரு நிமிசம் ஊதிப் பிடித்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். பலூன் வெளியே, உள்ளே கம்பி ஒன்றும் இல்லை. ஏற்கெனவே வைத்த ஸ்டென்டுக்குள் திரும்ப ஒடுங்கினால் இது நல்ல வழி, கம்பிக்குள் இன்னொரு கம்பி வைக்கத் தேவையில்லை. மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த சின்ன நாடிகளுக்கும் பரவாயில்லை. 2018இல் வந்த பாஸ்கெட் ஸ்மோல் இரண்டாவது ஆய்வில், 758 பேரில், மருந்து ஸ்டென்டுக்கு அது குறையவில்லை. அந்த உம்மாவுக்கு இரண்டாவது வகை, சின்ன பக்க நாடி.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் சொன்ன பலூன் இது இல்லை என்றாலும்.

ஓகஸ்ட் 20

களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதியவருக்கு: மூன்று நாடியிலும் அடைப்பு, சீனியும் இருக்கிறது என்றால் பலூன், ஸ்டென்ட் இரண்டையும் தள்ளிவைத்துப் பைபாஸ் பற்றிக் கேளுங்கள். 2012இல் வந்த ஃப்ரீடம் ஆய்வு இதற்காகவே செய்தது, சீனி வியாதிக்காரர் 1900 பேர். பைபாஸ் செய்தவர்களில் சாவும் மாரடைப்பும் குறைவு, பாரிசவாதம் மட்டும் கொஞ்சம் கூட. நெஞ்சைத் திறக்கிற பயத்தில் ஓடி ஒளிய வேண்டாம், எங்கள் அப்பாவின் 14 வருசத்தை நினையுங்கள்.

சென்னைக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: இந்திய அரசு 2017 பெப்ரவரியில் மருந்து ஸ்டென்டின் விலைக்கு 29,600 இந்திய ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. அது ஸ்டென்டுக்கு மட்டும். ஆஸ்பத்திரிச் செலவு, போக்குவரத்து, கூடப் போகிறவரின் தங்குமிடம் எல்லாம் வேறு. அதற்கு முன் இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயரைப் பதியுங்கள், ஜனாதிபதி நிதியத்தில் உதவி கிடைக்குமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். காணியை ஈடு வைக்க அவசரப்பட வேண்டாம்.

செப்டெம்பர் 3

தம்பி எழுதியிருக்கிறார்: மாமா இப்போது மருந்துப் பலூன் என்று தொடங்கிவிட்டாராம், நான் எழுதியதைக் காட்டியே. அப்படியென்றால் இதையும் காட்டுங்கள்.

மூன்று நாளைக்கு முன்னம்தான் லண்டனில் நடந்த ஐரோப்பிய இருதய மாநாட்டில் ஒரு சீன ஆய்வின் முடிவு வந்தது. 2272 பேர், முதல்முறை அடைப்பு, சிக்கல் இல்லாதது, நாடி சின்னதோ பெரியதோ எல்லாம் சேர்த்து. பாதிப் பேருக்கு மருந்துப் பலூன், மற்றவர்களுக்கு மருந்து ஸ்டென்ட். இரண்டு வருசத்தில் இருதயச் சாவு, அந்த நாடியில் மாரடைப்பு, அதே இடத்தைத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது, இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பலூன் பக்கம் 6.4 வீதம், ஸ்டென்ட் பக்கம் 3.4 வீதம். இரண்டும் குறைந்த எண்கள்தான், ஆனால் ஸ்டென்டுக்குச் சமம் என்று சொல்ல முடியவில்லை.

வாப்பாவுக்கு முன்பக்கப் பெரிய நாடி, முதல்முறை. அந்த இடத்தில் ஸ்டென்ட்தான் என்று டொக்டர் சொன்னால் எனக்கு மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஓகஸ்ட் 14 குறிப்பை அழிக்கவில்லை, ஆனால் இதோடு சேர்த்து வாசியுங்கள்.

செப்டெம்பர் 16

இன்றைய திகதியைக் கரும்பலகையில் எழுதும்போது ஞாபகம் வந்தது. 1977 செப்டெம்பர் 16, சூரிச் நகரில் அன்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்ற டொக்டர் முதன்முதலாக விழித்திருக்கிற ஒரு மனிதனின் இருதய நாடிக்குள் பலூன் ஊதினார். அந்த மனிதருக்கு 38 வயது, அதே முன்பக்க நாடி. குரூன்ட்சிக் தன் பலூன்களை வீட்டுக் குசினி மேசையில் வைத்துத்தான் செய்து பழகினார், மனைவியும் உதவியாளரும் கூட இருந்து ஒட்டியிருக்கிறார்கள். பத்து வருசத்துக்குப் பிறகு அந்த நோயாளியின் நாடியைப் படம் எடுத்துப் பார்த்தபோது திறந்தே இருந்தது. குரூன்ட்சிக் அதைப் பார்க்கவில்லை, 1985இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். முதல் ஸ்டென்ட் அதற்கு அடுத்த வருசம், 1986இல், பிரான்சின் துலூஸ் நகரில் வைத்தது.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் அப்பா. முதல் மனிதனுக்குப் பலூன் மட்டும் பத்து வருசத்துக்கு மேல் தாங்கியது, அப்பாவுக்கு ஐந்து மாதம். மூன்றில் ஒருவருக்கு ஒடுங்கும் என்றால் மூன்றில் இருவருக்கு ஒடுங்காது. அப்பா அந்த இருவரில் ஒருவராக இருப்பார் என்று நம்பித்தான் ஒப்பம் வைத்திருப்பார். அவர் கணக்குத் தெரியாமல் செய்யவில்லை. நாற்பது நாளாக யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

செப்டெம்பர் 29

வாப்பாவுக்கு வியாழக்கிழமை ஸ்டென்ட் வைத்தாயிற்று என்று தம்பியின் செய்தி வந்தது. ஆறு கிழமை குளிசையைக் கூட்டிப் பார்த்தார்களாம். வெட்டு முடிந்தது, வலி முடியவில்லை, வாப்பாவே "வைங்க" என்று சொல்லிவிட்டார். மணிக்கட்டால் செய்ததால் அன்று பின்னேரமே எழும்பி இருந்திருக்கிறார்.

அனுப்பிய படத்தில் கையில் கட்டியிருக்கிற கண்ணாடிபோன்ற பட்டி பற்றிக் கேட்டீர்கள். அது காற்று நிரப்பியது, நாடியில் துளை போட்ட இடத்தை அமத்திப் பிடிக்கிறது. தாதி மிஸ் வந்து சின்ன ஊசிக்குழாயால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை எடுப்பார், இரத்தம் கசிந்தால் திரும்ப ஊதுவார். அண்ணனுக்கு இரண்டாவது முறை செய்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் பட்டிக்குக் கீழே தோல் வெள்ளையிலிருந்து மெல்ல நிறத்துக்கு வரும். பிறகு அந்த இடம் கொஞ்சம் கருநீலமாக இருக்கும், பயப்பட வேண்டாம். வீங்கினால், விரல் குளிர்ந்தால், விறைத்தால் உடனே காட்டுங்கள். நெல் மூட்டை ஒரு கிழமைக்காவது அந்தக் கையால் தூக்க விட வேண்டாம்.

குளோபிடோகிரெல் எத்தனை மாதம் என்று கொப்பியில் எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லாவிட்டால் முதல் கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள். குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே அடுத்ததை எடுத்து வையுங்கள். வாப்பாவுக்குக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல் இருக்கிறது என்று நீங்கள் ஜூலையில் எழுதியதை நான் மறக்கவில்லை.

அண்ணன் பக்கத்தில் இருந்து இதை வாசிக்கிறார். வாப்பாவுக்குத் தன் ஸலாத்தையும் சொல்லச் சொல்கிறார்.